காற்று கல்லீரலில், கோளாறு குடலில்: போர்ட்டல் சிரை வாயு பற்றி

வயிற்று சி.டி. ஸ்கேனில் தென்படும் பெரும்பாலான சங்கதிகள் டைப் செய்யப்பட்டு, சாவகாசமாக வார்டுக்குப் போய்ச் சேரும். சில மட்டும் காத்திருக்காது. கல்லீரலின் போர்ட்டல் சிரைக் கிளைகளில் வாயு தெரிந்தால், ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதும் முன்பே சர்ஜனுக்குப் போன் போடுவார். மறுமுனையில் இருப்பவர் கல்லீரலைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். “குடல் எப்படி இருக்கு?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

நோயாளியின் வீட்டாருக்கு இது விளங்காது. ரிப்போர்ட்டில் ‘வாயு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, “கேஸ்தானே, இதுக்கா ஆபரேஷன்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏப்பமாகவும் உப்புசமாகவும் நம்மைப் படுத்தும் வாயு குடல் குழாயின் உள்ளே இருப்பது. அது அங்கே இருக்க வேண்டியதும்கூட. இங்கே பேசுவது அந்தக் குழாயின் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் புகுந்துவிட்ட வாயுவைப் பற்றி. ட்ரிப்ஸ் போடும்போது காற்று ஏறியிருக்குமோ என்ற சந்தேகமும் சிலருக்கு வரும். கையில் ஏற்றும் ட்ரிப்ஸில் காற்று போனால் அது நேராக இதயத்தின் வலப்பக்கத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகும். போர்ட்டல் சிரைக்குப் போக அதற்கு வழியில்லை.

போர்ட்டல் சிரை உடலின் மற்ற சிரைகளைப் போன்றதல்ல. மற்றவை இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும். இதுவோ இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் இரத்தத்தைத் திரட்டிக் கல்லீரலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கணையத்தின் கழுத்துப் பகுதிக்குப் பின்னால், குடலிலிருந்து வரும் மேல் மெசென்டரிக் சிரையும் மண்ணீரல் சிரையும் கூடும் இடத்தில் இது தொடங்குகிறது. கல்லீரலுக்கு வரும் மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியாகத்தான் வருகிறது. நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர். ஆகவே குடல் சுவரில் எங்கே ஓட்டை விழுந்தாலும், எங்கே கிருமி குடியேறினாலும், அதன் தடயம் முதலில் போய் ஒதுங்கும் இடம் கல்லீரல்.

வாயு எப்படி உள்ளே போகிறது என்பதற்கு விளக்கங்கள் இருக்கின்றன. குடலின் உட்படலம் புண்ணாகியோ செத்தோ போய்விட்டால், குடலுக்குள் இருக்கும் வாயு சுவருக்குள் ஊடுருவி அங்குள்ள நுண் சிரைகளை எட்டிவிடும். உட்படலம் ஓரளவு நன்றாக இருந்தாலும், அடைப்பினாலோ உள்ளே காற்று செலுத்தியதாலோ குடல் உப்பி அழுத்தம் ஏறினால், அந்த அழுத்தமே வாயுவைச் சுவருக்குள் தள்ளிவிடும். இன்னொரு வழியில் வாயு வெளியிலிருந்தே வருவதில்லை: வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குடல் சுவரிலோ, சீழ்க்கட்டியிலோ, சிரைக்குள்ளேயே உறைந்த இரத்தக்கட்டியிலோ தங்கி, அங்கேயே அதைத் தயாரிக்கின்றன. நடைமுறையில் இவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது கடினம். இரத்தம் கிடைக்காத குடல் துண்டில் உட்படலம் செத்திருக்கும், குடல் உப்பியிருக்கும், கிருமிகளும் பெருகியிருக்கும். எது முதலில் கதவைத் திறந்தது என்று யார் சொல்வது?

இந்தக் குறியை முதன்முதலில் விவரித்தவர்கள் ஊல்ஃப், எவன்ஸ் என்ற இருவர். 1955-இல் குடல் அழுகி இறந்த பச்சிளம் குழந்தைகளின் எக்ஸ்ரேயில் கல்லீரலுக்குள் கிளை கிளையாகக் காற்று இருப்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1960-இல், பெரியவர்களிடமும் இதே காட்சி பதிவானது. 1978-இல் அதுவரை வெளிவந்த 64 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 72 சதவீதம் பேருக்குக் குடல் அழுகல். மொத்தத்தில் 75 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அந்த 75 ஒரு தலைமுறை சர்ஜன்களின் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. போர்ட்டல் சிரையில் வாயுவா, உடனே வயிற்றைத் திற என்பது எழுதப்படாத சட்டமானது.

2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 182 நோயாளிகளைத் தொகுத்தபோது படம் மாறியிருந்தது. இறப்பு 39 சதவீதம். குடல் அழுகல் 43 சதவீதம் பேருக்குத்தான். மற்றக் காரணங்களில், மொத்த நோயாளிகளில் குடல் உப்பல் 12 சதவீதம், வயிற்றுக்குள் சீழ்க்கட்டி 11 சதவீதம், பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், இரைப்பைப் புண், எண்டோஸ்கோப்பிக்குப் பின் வந்தது ஆகியவை தலா 4 சதவீதம்.

75, 39 என்ற இந்த இரண்டு இறப்பு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘மருத்துவம் முன்னேறியதால் ஆபத்து பாதியாகக் குறைந்தது’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னேறியது முதன்மையாகப் பார்க்கும் கருவி. 1978-ஆம் ஆண்டின் தொகுப்பில் இருந்தவர்கள் அனேகமாகச் சாதாரண எக்ஸ்ரேயில் சிக்கியவர்கள். எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் கல்லீரலில் வாயு நிறைய இருக்க வேண்டும். அவ்வளவு வாயு சேர்ந்தவர்களின் குடல் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருக்கும். சி.டி. வந்த பிறகு நாலைந்து குமிழிகள்கூடக் கண்ணில் படுகின்றன. பெருங்குடலைக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கோலனோஸ்கோப்பி முடித்து வயிறு வலிக்கிறது என்று வருபவரும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார். செத்த குடலின் ஆபத்து குறைந்துவிடவில்லை; பட்டியலில் நல்ல குடல் உள்ளவர்களும் கூடிவிட்டார்கள். ஆகவே சராசரி இறப்பு விகிதம் முன்னால் படுத்திருக்கும் நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லாது. அவருடைய குடல் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் சொல்லும்.

குடல் சாவதற்கு முதன்மைக் காரணம் இரத்த ஓட்டம் நிற்பது. பாடப்புத்தகத்தில் வரும் நோயாளி எழுபது வயதைத் தொட்டவர். இதயத் துடிப்பு சீரில்லாமல் ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கும். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையைச் சில நாளாக விட்டிருப்பார். இதயத்தின் மேலறையில் உருவான இரத்தக்கட்டி கிளம்பி வந்து, சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் வலப்பாதிக்கும் இரத்தம் தரும் மேல் மெசென்டரிக் தமனியில் அடைத்துக்கொள்ளும். வலி உயிர் போகும். ஆனால் டியூட்டி டாக்டர் வயிற்றில் கை வைத்தால் வயிறு மெத்தென்று இருக்கும். அழுத்தினால் பெரிதாக வலி கூடாது. வலிக்கும் பரிசோதனைக்கும் பொருந்தாத இந்த நிலையில்தான் நோய் கோட்டைவிடப்படுகிறது. கேஸ்ட்ரைட்டிஸ் என்று ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

இரத்தம் நின்றால் முதலில் சாவது உட்படலம், அதுவும் அதன் விரல் போன்ற உறிஞ்சிகளின் நுனி. சுவரின் முழுத் தடிமனும் செத்துப்போக ஏறத்தாழ ஆறு மணி நேரம் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதற்குப் பிறகு வயிறு கல்லாக இறுகும், ஆக்ஸிஜன் கிடைக்காத திசுக்கள் வெளிவிடும் லாக்டேட் இரத்தத்தில் ஏறும், இரத்த அழுத்தம் சரியும். போர்ட்டல் சிரை வாயு பெரும்பாலும் இந்தப் பிற்பகுதியில் வருவது. ஆகவே குடலின் இரத்தக்குழாய் அடைப்பைக் கண்டுபிடிக்க இதை நம்பியிருப்பது முட்டாள்தனம். வாயு இல்லை என்றால் குடல் நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. இரத்தம் தடைபட்டவர்களில் பலருக்கு இந்த வாயு வருவதேயில்லை.

தமனி அடைப்பு தவிர, குடல் முறுக்கிக்கொள்வது, ஹெர்னியாவில் சிக்கி நெரிபடுவது, மெசென்டரிக் சிரையே உறைந்துபோவது, இரத்த அழுத்தம் சரிந்து ஷாக்கில் இருக்கும் ஐ.சி.யு. நோயாளிக்கு ஒட்டுமொத்தமாக இரத்த ஓட்டம் குறைவது என்று குடல் சாகப் பல வழிகள் உண்டு. இன்னொரு வகையில் குடல் சாகாமலேயே ஆள் ஆபத்தில் இருப்பார்: பெருங்குடல் சுவரில் புடைத்த சிறு பைகள் அழற்சியாகும் டைவர்ட்டிகுலைட்டிஸ் அல்லது கவனிக்காமல் விட்ட அப்பெண்டிசைட்டிஸிலிருந்து கிருமி கிளம்பி, போர்ட்டல் சிரைக்குள் சீழ்பிடித்த இரத்தக்கட்டியை உண்டாக்கும். குளிர் காய்ச்சல், சிலருக்கு மஞ்சள் காமாலை, ஸ்கேனில் சிரைக்குள் கட்டியும் அதில் வாயுவும் தெரியும். முதல் வைத்தியம் ஆன்டிபயாடிக்.

குறைமாதக் குழந்தைகளின் கதை தனி. முழுதாக வளராத குடல், அதில் குடியேறும் கிருமிகள், வாய்வழி ஊட்டத் தொடங்கிய பால் என எல்லாம் சேர்ந்து குடல் சுவர் அழுகத் தொடங்கும் நோய் நெக்ரோடைசிங் என்டிரோகோலைட்டிஸ். பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆன, தேறிவருகிறது என்று எல்லோரும் நினைத்த குழந்தைக்குத் திடீரென்று வயிறு உப்பும், குடித்த பால் இரைப்பையிலேயே தேங்கும், மலத்தில் இரத்தம் வரும். 1978-இல் பெல் வகுத்து, 1986-இல் திருத்தப்பட்ட படிநிலை அட்டவணையை வைத்துத்தான் இன்றும் இந்த நோயின் தீவிரம் அளக்கப்படுகிறது. குடல் சுவருக்குள் வாயு தெரிந்தால் 2ஏ. போர்ட்டல் சிரைக்கு வாயு போய்விட்டால் 2பி. ஆனால் 2பி என்றதும் ஆபரேஷன் கிடையாது. பாலை நிறுத்தி, ஆன்டிபயாடிக் கொடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குடல் ஓட்டையானால் வயிற்றைத் திறப்பார்கள். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த நோய் குறைவு. அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பச்சிளம் குழந்தைகளில் ஒரு பொறியும் உண்டு. தொப்புள் சிரை வழியாகக் குழாய் செருகியிருந்தால் அதன் வழியாகவே கொஞ்சம் காற்று போர்ட்டல் சிரைக்குப் போயிருக்கலாம். படத்தைப் பார்த்துப் பதறும் முன், குழாய் எப்போது போட்டது என்று நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இனி, பயமுறுத்திவிட்டுத் தானாகவே போய்விடும் வகைகள். குடலில் அழற்சி உண்டாக்கும் குரோன் நோயோ அல்சரேட்டிவ் கோலைட்டிஸோ உள்ளவருக்குக் கோலனோஸ்கோப்பி செய்தால், ஏற்கெனவே புண்ணான படலத்தின் வழியே, உள்ளே ஊதிய காற்று நுழைந்துவிடும். இரைப்பை திடீரென்று பெரிதாக உப்பினாலும் நடக்கும். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் காற்றை எடுத்தால் போதும். கல்லீரல் மாற்று அறுவை முடிந்த புதிதில், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் குமிழிகள் ஓடுவது அவ்வளவு அபூர்வமில்லை. ஆழ்கடலில் இருந்து அவசரமாக மேலே வந்த டைவர்களுக்கு இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜனே குமிழியாகி இங்கு தென்பட்டதும் உண்டு. நம் ஊரில் சர்க்கரை நோய்க்குச் சகஜமாக எழுதப்படும் வோக்லிபோஸ் வகை மாத்திரைகள் மாவுச்சத்தைச் செரிக்கவிடாமல் பெருங்குடலுக்குத் தள்ளுகின்றன; அங்கே பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை உற்பத்தி செய்கின்றன. பெரும்பாலோருக்கு அது உப்புசத்தோடு முடிந்துவிடும். அபூர்வமாகக் குடல் சுவரில் வாயு நிறைந்த பைகள் உருவாவதும், அதிலும் அபூர்வமாகப் போர்ட்டல் சிரைவரை வாயு போவதும் பதிவாகியிருக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் அடங்கிவிடும். மருந்துச் சீட்டைப் படிக்காமல் ஸ்கேனை மட்டும் படிப்பவருக்கு இது தெரியப்போவதில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடை இந்தச் சாது வகையில் சேர்க்கலாமா என்பது யோசிக்க வேண்டியது. காயத்தைக் கழுவும் 3 சதவீதக் கரைசலில் ஒரு மில்லி லிட்டர் உள்ளே போனால் சுமார் 10 மில்லி ஆக்ஸிஜன் வெளிப்படும். தொழிற்கூடங்களுக்கு வரும் 35 சதவீதக் கரைசலில் அதே ஒரு மில்லி, 100 மில்லிக்கும் அதிகமான ஆக்ஸிஜனைத் தரும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டால், 30 மில்லி என்று வைத்துக்கொண்டாலும், வயிற்றில் மூன்று லிட்டர் வாயு. இரைப்பைச் சுவர் அரிக்கப்பட்டு, கல்லீரல் முழுக்கக் குமிழி ஏறியிருக்கும். பலர் கவனித்துப் பார்த்துக்கொள்வதிலேயே தேறிவிடுகிறார்கள். ஆனால் குமிழி கல்லீரலைக் கடந்து இதயத்துக்கும் மூளைக்கும் போய்விட்டால் பக்கவாதம் வரும். அப்போது அதிக அழுத்த ஆக்ஸிஜன் அறை தேவைப்படும்.

கண்டுபிடிக்கும் விதத்துக்கு வருவோம். எக்ஸ்ரேயில் கல்லீரலின் சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகள், இலை உதிர்ந்த முருங்கைக் கிளை போல, விளிம்பை நோக்கிப் பிரிந்து போகும். கல்லீரலின் வெளியுறையிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் வரை அவை எட்டிவிடும். இந்த 2 சென்டிமீட்டர் விதிக்குக் காரணம் எளியது: போர்ட்டல் இரத்தம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுகிறது, தன்னோடு குமிழிகளையும் ஓரத்துக்குக் கொண்டுபோகிறது. பித்தநீர் இதற்கு நேரெதிராக ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். எனவே பித்தக் குழாய்களில் காற்று இருந்தால் அது கல்லீரலின் நடுவில், சிரையும் பித்தக் குழாயும் கூடும் வாசல் பகுதியைச் சுற்றித் திரண்டிருக்கும்.

இந்த வேறுபாட்டில் நிறைய இருக்கிறது. பித்தக்கல் எடுக்க வாய்வழி எண்டோஸ்கோப் விட்டு இ.ஆர்.சி.பி. செய்து, பித்தக்குழாயின் வாயை வெட்டி அகலப்படுத்தியவருக்கோ, பித்தக்குழாயைக் குடலோடு இணைத்துத் தைத்தவருக்கோ, பித்தக் குழாய்களில் காற்று ஆண்டுக்கணக்கில் இருக்கும். அது எதிர்பார்க்க வேண்டியது. அதைப் போர்ட்டல் வாயு என்று எடுத்துக்கொண்டு வயிற்றைத் திறப்பதும், போர்ட்டல் வாயுவைப் பித்தக்குழாய்க் காற்று என்று ஒதுக்கிவிடுவதும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். இரண்டாவதில் உயிர் போகும்.

அல்ட்ராசவுண்டில் குமிழிகள் வெள்ளைப் புள்ளிகளாக, இரத்த ஓட்டத்தோடு நகர்ந்து போவதை நேரிலேயே பார்க்கலாம். டாப்ளர் வைத்தால் போர்ட்டல் சிரையின் சீரான மென்மையான ஒலியின் நடுவே ‘பட், பட்’ என்று வெடிப்புச் சத்தம் கேட்கும். திரையில் கோட்டின் மேலும் கீழும் ஊசி ஊசியாகக் கூர்முனைகள் எழும். ஒவ்வொரு குமிழியும் ஒலி அலையை அப்படியே பலமாகத் திருப்பி அடிப்பதுதான் காரணம். படுக்கையை விட்டு நகர்த்த முடியாத ஐ.சி.யு. நோயாளிக்கும் குழந்தைகளுக்கும் இது வரப்பிரசாதம். பார்ப்பவர் தேர்ந்தவராக இருந்தால், கொஞ்சமே உள்ள வாயுகூடத் தப்பாது.

என்றாலும் முடிவு சி.டி.யில்தான். சி.டி.யின் அளவுகோலில் தண்ணீர் 0, கொழுப்பு ஏறத்தாழ -100, காற்று -1000. வழக்கமான வயிற்று விண்டோவில் (வயிற்றுக்கென்று வைத்த வெளிச்ச அமைப்பில்) படம் பார்க்கும்போது கொழுப்பும் காற்றும் இரண்டுமே கறுப்பாகத்தான் தெரியும். ரேடியாலஜிஸ்ட் நுரையீரல் விண்டோவுக்கு மாற்றுவார். கொழுப்பு சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். காற்று மட்டும் கறுப்பாகவே நிற்கும். சந்தேகத்துக்கு இடமான ஒரு சின்னப் புள்ளி குடல் சுவருக்குள் இருக்கிறதா, பக்கத்துக் கொழுப்பா என்பது இந்த ஒரு பொத்தானில் தெரிந்துவிடும். நோயாளி மல்லாந்து படுத்திருப்பதால் குமிழிகள் மேலெழும்பி, முன்பக்கமாக இருக்கும் இடது மடலில்தான் அதிகம் சேரும். முதலில் தேட வேண்டிய இடமும் அதுவே.

ஆனால் கல்லீரலைப் பார்த்துவிட்டு நிறுத்துபவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். கீழே இறங்கி, மெசென்டரிக் சிரைகளில் வாயு உண்டா, குடல் சுவருக்குள் உண்டா, எந்தத் துண்டில், அந்தத் துண்டின் சுவர், சிரைவழி ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தை (டை) வாங்கிக்கொண்டு பளிச்சென்று தெரிகிறதா, காகிதம் போல மெலிந்து மங்கிக் கிடக்கிறதா, தமனியில் கட்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதற்குக் கான்ட்ராஸ்ட் ஊசி அவசியம். இங்கேதான் நம் மருத்துவமனைகளில் ஒரு தடங்கல்: ‘கிரியேட்டினின் கூடியிருக்கு, டை போட முடியாது’. சிறுநீரகம் தளர்ந்திருப்பதைக் காட்டும் அளவு அது; டை அதை இன்னும் கெடுத்துவிடுமோ என்பது சாதாரண நாளில் நியாயமான தயக்கம். குடல் இரத்தம் இல்லாமல் கிடக்கிறதோ என்ற சந்தேகம் வந்துவிட்ட இரவில் அது நியாயமில்லை. அவசர அறுவை வழிகாட்டிகளும் சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது என்றே சொல்கின்றன. சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் உண்டு. குடலுக்கு அப்படி ஒன்று இல்லை. வாய்வழியாகக் குடிக்கத் தரும் கான்ட்ராஸ்டுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

படத்தில் வாயுவோடு செத்த குடலும் தெரிந்தால், அல்லது வயிறு இறுகி, லாக்டேட் ஏறி, அழுத்தம் விழுந்தால், நோயாளி நேராகத் தியேட்டருக்குப் போவார். அடைப்பை நீக்கி, மீளாத துண்டை வெட்டி எடுப்பார்கள். எது மீளும், எது மீளாது என்று முதல் இரவில் சொல்ல முடியாத துண்டுகளும் இருக்கும்; அவற்றை விட்டுவைத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி வயிற்றைத் திறந்து பார்ப்பது வழக்கம். வீட்டாரிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது ஆபரேஷன் என்றதும் முதலாவது சரியில்லை என்று நினைத்துவிடுவார்கள்.

வாயு இருந்தும், வயிறு மெத்தென்று, லாக்டேட் இயல்பாக, குடல் சுவர் பளிச்சென்று இருப்பவருக்குக் கத்தி வேண்டாம். வாய்வழி ஒன்றும் கொடுக்காமல், ட்ரிப்ஸும் தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக்கும் போட்டு, ஒரே சர்ஜன் சில மணிக்கொருமுறை அதே வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது போதும். சாது வகை வாயு ஓரிரு நாளில் கரைந்துவிடும். மறு ஸ்கேனில் வாயு மறைந்ததை வைத்து மட்டும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. செத்த குடல் உள்ளவரின் கல்லீரலிலிருந்தும் வாயு மறைவதுண்டு.